தொங்குவது அசலா, நகலா: குஸ்ட்ரோ தேவதூதரும் எர்ன்ஸ்ட் பார்லாக்கும்

உங்கள் கேள்வி பயணத் திட்டம் பற்றியது போலத் தொடங்குகிறது. பெர்லினுக்கு வேலையாக வருகிறீர்கள், ஒரு சனிக்கிழமை மிச்சம் இருக்கிறது, வடக்கே குஸ்ட்ரோ என்ற சிற்றூரின் தேவாலயத்தில் சங்கிலியில் தொங்கும் வெண்கலச் சிலையைப் பார்க்கப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் "போய் வாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் கடைசியில் இப்படிச் சேர்த்திருக்கிறீர்கள்: "அங்கே இருப்பது பிரதியின் பிரதி என்று படித்தேன். செய்தவரே ஹிட்லருக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவர் என்றும் படித்தேன். அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம்?" ஆக, ரயில் நேரம் உங்கள் கவலை இல்லை. சிலையும் அசல் இல்லை, ஆளும் அப்பழுக்கற்றவர் இல்லை என்றால் அதன் முன்னால் போய் நின்று என்ன ஆகப்போகிறது என்றுதான் கேட்கிறீர்கள். முதல் பாதிக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாம் பாதிக்கு முடிந்தவரை சொல்கிறேன்.

நான் சிற்பம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வெண்கல வார்ப்புப் பட்டறையில் காலம் தள்ளுகிறேன். ஆகவே அச்சு, வார்ப்பு, உலோகம் பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் அரசியல் வரலாறு என் தொழில் இல்லை, அது வாசித்து வந்தது. சிலையைச் செய்த எர்ன்ஸ்ட் பார்லாக் நாடகங்களும் எழுதினார், 1924-ல் கிளைஸ்ட் என்ற இலக்கியப் பரிசும் வாங்கினார். அந்த நாடகங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. என் ஜெர்மன் அந்த அளவுக்கு இல்லை. குஸ்ட்ரோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன்.

எர்ன்ஸ்ட் பார்லாக் 1870 ஜனவரி 2 அன்று ஹாம்பர்க்குக்குப் பக்கத்தில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள வேடெல் ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். நான்கு பையன்களில் இவர் மூத்தவர். இவருடைய பதினான்கு வயதில் அப்பா இறந்துவிட்டார். ஹாம்பர்க், டிரெஸ்டன், பாரிஸ் என்று படிப்பு நீண்டது. முப்பத்தைந்து வயது வரை சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் இல்லை: கொஞ்சம் சுடுமண் வேலை, கொஞ்சம் பத்திரிகைச் சித்திரம், ஒரு மண்பாண்டப் பள்ளியில் சிறிது காலம் வாத்தியார் உத்தியோகம். 1906 கோடையில், தம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்த கார்கிவ் பகுதிக்கு, அதாவது அன்றைய ரஷ்யப் பேரரசின் தெற்குப் பக்கம், இரண்டு மாதம் போய் வந்தார். அங்கே கண்ட பிச்சைக்காரர்களும் குடியானவர்களும்தான் அவர் கையை மாற்றியவர்கள். தடித்த அங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியைக் கற்பனை செய்து பாருங்கள். தோள் எங்கே, முழங்கால் எங்கே என்று பிரித்துத் தெரியாது; ஒரே திரள், அதன் மேல் நாலைந்து பெரிய மடிப்புக் கோடுகள், உச்சியில் ஒரு முகம், வெளியே நீண்ட ஒரு கை. உடற்கூறு காட்டும் பழைய கல்லூரிப் பயிற்சியை அவர் அத்தோடு மூட்டை கட்டினார். அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றிலும் இந்த அங்கிதான் வருகிறது, தேவதூதர் உட்பட.

அதே 1906-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கல்யாணம் ஆகவில்லை. பிள்ளையைத் தானே வளர்க்கும் உரிமைக்காக வழக்காடி வாங்கினார். 1907-ல் பெர்லின் ஓவிய வணிகர் பால் காசிரருடன் ஒப்பந்தம் ஏற்பட்டதும் சோற்றுக்குக் கவலை விட்டது. 1910-ல் அம்மா, மகனோடு மெக்லன்பர்க் பகுதியின் குஸ்ட்ரோவில் குடியேறினார். பெர்லின் கலை உலகம் அவரைக் கொண்டாடிய நாட்களிலும் அந்தச் சின்ன ஊரை விட்டு நகரவில்லை. கடைசி வரை அங்கேதான்.

முதல் உலகப் போர் வந்தபோது அவரும் மற்றவர்களைப் போலத்தான் துள்ளினார். இதை மறைக்க வேண்டியதில்லை. 1914-ல் அவர் செய்த 'பழிவாங்குபவன்' என்ற சிற்பம், வாளைத் தலைக்குப் பின்னால் ஓங்கியபடி கிடைமட்டமாகப் பாயும் மனிதன். பார்த்தால் ஏவுகணை போல இருக்கும். 1915-ன் கடைசியில், நாற்பத்தைந்து வயதில், காலாட்படையில் சேர்ந்தார். சில மாதங்களில் இதயக் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்முனையைப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் வேறு ஆள். பழிவாங்குபவனையும் குஸ்ட்ரோ தேவதூதரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் கிடைமட்டம், இரண்டும் அங்கி, இரண்டும் தரையை விட்டு விலகியவை. முன்னது பாய்கிறது, பின்னது அசையாமல் நிற்கிறது. பதின்மூன்று வருடத்தில் அதே உடம்பை அவர் நிறுத்திவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு, அவர் எங்கும் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை.

குஸ்ட்ரோ தேவாலயத்தின் எழுநூறாம் ஆண்டையொட்டி, போரில் இறந்த ஊர்க்காரர்களுக்காக 1927-ல் இதைச் செய்து கொடுத்தார். உழைப்புக்குக் கூலி வாங்கவில்லை, பொருள் செலவு மட்டும். ஜெர்மன் பெயர் 'டெர் ஷ்வேபெண்டே', மிதப்பவர். நாம் தேவதூதர் என்கிறோமே தவிர இறக்கை கிடையாது. நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், எடை கால் டன் அளவு. கூரை வளைவிலிருந்து இறங்கும் சங்கிலியில் முகம் முன்னே, பாதம் பின்னே என்று படுத்த நிலையில் மிதக்கிறது. கைகள் மார்பின் குறுக்கே. கண்கள் மூடியிருக்கின்றன, ஆனால் கழுத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது. தூங்குகிறவருக்குக் கழுத்து அப்படி நிற்காது. உதடு இறுகிச் சேர்ந்திருக்கிறது. கீழே ஒரு வட்டமான கல், அதில் 1914–1918 என்ற எண், சுற்றிலும் பழைய ஞானஸ்நானத் தொட்டிக்கு இருந்த இரும்புக் கம்பித் தடுப்பு. வீரன் இல்லை, கொடி இல்லை, பெயர்ப்பட்டியலுக்கு மேல் வாள் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன் ஊர்களில் போர் நினைவுச்சின்னம் என்றால் தலைக்கவசம் போட்ட இளைஞன், கழுகு, சிங்கம் என்றுதான் இருக்கும். போர்க் காலத்தில் காலம் எனக்கு நின்றுபோயிருந்தது, பூமியில் எதனோடும் ஒட்டவில்லை, மிதந்தது என்ற பொருளில் பார்லாக் சொல்லியிருக்கிறார். அதைத்தான் உலோகத்தில் தொங்கவிட்டார்.

அந்த முகம் கேத்தே கோல்விட்ஸ் என்ற பெண் கலைஞருடையது. இவர் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், பதினெட்டு வயதில், பெல்ஜியப் போர்முனையில் இறந்தவன். முகம் உறுதியாக அவருடையதுதானா என்று பலர் கேட்பார்கள். கோல்விட்ஸின் முகம் தான் திட்டமிடாமலே அதில் வந்து சேர்ந்துவிட்டது என்று பார்லாக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே சாயல் உறுதி. முன்னால் உட்கார வைத்துச் செய்த உருவப்படம் என்று சில பயண வலைப்பக்கங்களில் எழுதுகிறார்களே, அது தவறு. கோல்விட்ஸும் பார்லாக்கிடம் கடன்பட்டவர்தான்: 1920-ல் ஒரு கண்காட்சியில் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுப் படங்களைப் பார்த்த பிறகுதான் அந்த ஊடகத்துக்குள் போனார்.

குஸ்ட்ரோவுக்குப் பிறகு வரிசையாகப் பொது வேலைகள் வந்தன. 1928-ல் கீல் நகரத்தில், கையில் வாளைச் செங்குத்தாகப் பிடித்தபடி ஓநாய் போன்ற மிருகத்தின் முதுகில் நிற்கும் தேவதூதர். அதற்கு 'ஆவிப் போராளி' என்று பெயர். 1930 முதல் 1932 வரை லூபெக் நகரத்தின் புனித கத்தரீனா தேவாலய முகப்பு மாடங்களுக்காக, சூளையில் சுட்ட செங்கல் களிமண்ணில் மூன்று உருவங்கள்: ஊன்றுகோல் பிச்சைக்காரன், பாடும் பையன், காற்றில் நிற்கும் பெண். மொத்தம் பதினாறு திட்டமிட்டிருந்தார்கள். 1933-ல் வேலை கொடுத்த அருங்காட்சியக இயக்குநர் கார்ல் கேயோர்க் ஹைஸேயின் பதவி பறிபோனது, திட்டமும் நின்றது. அந்த மூன்றும் போருக்குப் பிறகே மாடம் ஏறின. பக்கத்தில் இன்று இருக்கும் ஆறும் கெர்ஹார்ட் மார்க்ஸ் என்ற சிற்பி செய்தவை.

எல்லாவற்றிலும் கனமானது மாக்டபர்க் தேவாலயத்தில் இருக்கும் 1929-ஆம் ஆண்டு ஓக் மரச் சிற்பம். என்னைக் கேட்டால் குஸ்ட்ரோவை விட இதுதான் அவர் உச்சம். உங்களுக்கு இன்னொரு நாள் கிடைத்தால் அங்கே போங்கள். மேல் வரிசையில் மூன்று சிப்பாய்கள் ஒரு கல்லறைச் சிலுவையைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் இருப்பவன் தலையில் கட்டுப் போட்டிருக்கிறான். ஒருவன் வயசாளி, ஒருவன் மீசை முளைக்காத பையன். சிலுவையில் போர் ஆண்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் செதுக்கியிருக்கின்றன. அவர்கள் காலடியில், மண்ணிலிருந்து பாதி எழுந்தாற்போல இன்னும் மூன்று பேர்: முக்காட்டால் முகத்தை மூடி முஷ்டியை இறுக்கும் பெண், தலைக்கவசம் மாட்டிய எலும்புக்கூடு, மார்பில் விஷவாயு முகமூடி தொங்க இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிய ஆண். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மரம் வெட்டுகிறவன் கண்ணோடு பார்த்தால் இன்னொன்று தெரியும்: உளி போன தடத்தை அவர் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. கோட்டுகளின் மீது சின்னச் சின்னச் செதில்களாக வெட்டுத் தடம் அப்படியே நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அந்தச் செதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் வரும், கோட்டு ஈரமானது போல இருக்கும். காகிதத்தில் அச்சான படத்தில் இது சிக்காது.

வேலை கொடுத்தது பிரஷ்ய அரசு, எதிர்த்தது உள்ளூர். 'ஷ்டால்ஹெல்ம்', அதாவது இரும்புத் தொப்பி என்று பெயர் வைத்துக்கொண்ட முன்னாள் படைவீரர் சங்கமும் அதன் கூட்டாளிகளும், ஜெர்மன் சிப்பாயை மட்டி போலக் காட்டிவிட்டான் என்று கொதித்தார்கள். முகங்கள் ஸ்லாவிய முகங்களாம். அவர் யூதர், கம்யூனிஸ்ட் என்றெல்லாம் வதந்தி கட்டினார்கள். அவர் இரண்டும் இல்லை. இங்கேதான் நாம் வழக்கமாகச் சொல்லும் கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. "நாஜிகள் வந்து சிலையைப் பிடுங்கினார்கள்" என்று எழுதினால் பாதி உண்மைதான். மாக்டபர்க்கில் சிலையை எடுக்கச் சொல்லி 1933-லேயே கேட்டது அந்தத் தேவாலயத்தின் சபை நிர்வாகம். 1934 செப்டம்பரில் எடுத்து பெர்லினுக்கு அனுப்பினார்கள். குஸ்ட்ரோவில் 1937 ஆகஸ்ட்டில் தேவதூதரை இறக்கியதும் திருச்சபையின் மேலிடம் சொல்லித்தான். அப்போது மெக்லன்பர்க் திருச்சபை ஹிட்லர் சார்பு 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' கையில் இருந்தது. சங்கிலியை அவிழ்த்தது வெளியாள் இல்லை.

ஹாம்பர்க்கில் நடந்தது இன்னும் வெளிப்படை. நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, தண்ணீர் ஓரத்தில், 1931-ல் இருபத்தோரு மீட்டர் உயரக் கல் பலகை நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் கிளாவுஸ் ஹொஃப்மன். ஒரு பக்கம் நகரத்தின் நாற்பதாயிரம் மகன்கள் உங்களுக்காக உயிர் விட்டார்கள் என்ற வாசகம். மறுபக்கம் பார்லாக் வரைந்து கொடுத்த புடைப்புச் சிற்பம்: ஒரு கர்ப்பிணித் தாய், அவளிடம் ஒண்டி நிற்கும் குழந்தை. பிடிக்காதவர்கள் 1936-ல் டாம்டோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டிக்கு ஒன்று எழுப்பினார்கள். வரிசை வரிசையாக அணிவகுக்கும் கல் சிப்பாய்கள், மேலே "நாம் சாக நேர்ந்தாலும் ஜெர்மனி வாழ வேண்டும்" என்ற வரி. பிறகு 1938–39-ல் பார்லாக்கின் தாயைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பறவையை வைத்தார்கள். 1949-ல் தாயை மறுபடி செதுக்கினார்கள். நீங்கள் இன்று பார்ப்பது அந்த மறுசெதுக்கல். போட்டிச் சின்னத்தின் அணிவகுப்பும் இன்றும் அங்கேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்து போக அரை மணி நேரம் கூட ஆகாது. ஒரு நகரம் தன் பிணங்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தது என்பதை அறிய அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

கையெழுத்து விஷயம். அது நடந்ததுதான். ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் இறந்தபின் ஹிட்லர் ஜனாதிபதி, பிரதமர் என்ற இரண்டு பதவிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டபோது, 1934 ஆகஸ்ட் 18 அன்று நாஜிக் கட்சிப் பத்திரிகையில் கலைஞர்களின் ஆதரவு அறிக்கை ஒன்று வந்தது. அதில் பார்லாக் பெயர் இருக்கிறது. ஓவியர் எமில் நோல்டே, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே, இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ், இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பெயர்களும் இருக்கின்றன. ஏன் போட்டார்? பயம் என்பார்கள், தன் சிற்பங்களைக் காப்பாற்றும் கணக்கு என்பார்கள், கொஞ்சம் நம்பிக்கையே இருந்தது என்றும் சிலர் சொல்வார்கள். மனசுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. தேதிகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள். கையெழுத்து ஆகஸ்ட் 18. மாக்டபர்க் சிற்பத்தை அகற்றியது செப்டம்பர் 24. ஆறு வாரம் கூட அந்தக் கையெழுத்து அவரைக் காக்கவில்லை. இதில் ஒரு கசப்பான வேடிக்கை: 1924-ல், இன்னும் பெயர் தெரியாத இளைஞனாக இருந்த கோயபல்ஸ், கொலோன் அருங்காட்சியகத்தில் பார்லாக்கின் சிற்பம் ஒன்றைப் பார்த்து உருகித் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1936-ல் பார்லாக்கின் சித்திரத் தொகுப்பைப் பறிமுதல் செய்த அரசில் அவர்தான் பிரச்சார அமைச்சர்.

நோல்டே கட்சி உறுப்பினராகவே இருந்தவர், கடைசிவரை கெஞ்சிக்கொண்டிருந்தவர். பார்லாக் கட்சியில் சேரவில்லை. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. அதற்காகப் பார்லாக்கை எதிர்ப்புப் போராளி என்று மாலை போடவும் எனக்கு மனம் வரவில்லை. 1937-ல் பொது அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய ஏறக்குறைய 400 படைப்புகளை 'சீரழிந்த கலை' என்று அள்ளினார்கள். மூனிக்கில் கேலிக்காக நடத்திய கண்காட்சியில், கிறிஸ்துவும் தோமாவும் தழுவும் சிற்பத்தை வைத்தார்கள். பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து அவரை வெளியேற வைத்தார்கள். அவர் நாட்டை விட்டும் போகவில்லை, வாயைத் திறந்து சண்டையும் போடவில்லை. ஊர் எல்லையில் ஏரிக்கரைப் பட்டறையில் மரத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் செய்த சிற்பம் ஒன்றின் பெயர் 'கெட்ட வருஷம் 1937'. போர்வையை இறுக்கிப் போர்த்தி நேராக நிற்கும் பெண், அவ்வளவுதான். ஹாம்பர்க் சிகரெட் ஆலை முதலாளி ஹெர்மன் ரீம்ட்ஸ்மா அந்த நாட்களில் துணிந்து வாங்கியதால்தான் மேசையில் ரொட்டி இருந்தது. 1938 அக்டோபர் 24 அன்று ராஸ்டாக் மருத்துவமனை ஒன்றில் இதயம் நின்று இறந்தார். உடலைப் பட்டறையில் கிடத்தியிருந்தபோது கோல்விட்ஸ் வந்து, பெட்டியில் கிடந்தவரை வரைந்தார். பிறகு பார்லாக் நினைவாகத் தன் முகத்தையே, வாயைக் கையால் பொத்தியது போல, சிறிய வெண்கலப் புடைப்பாகச் செய்தார். ராட்ஸபர்க்கில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

இனி சிலைக்கு வருகிறேன். சுவாமிமலையில் பஞ்சலோகம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு பிம்பம் மனதில் பதிந்திருக்கும்: மெழுகில் உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை ஓட்டி, உலோகத்தை ஊற்றி, மண் கூட்டை உடைப்பார்கள். மெழுகும் போச்சு, கூடும் போச்சு. ஒரே ஒரு சிலை. அதை அடிப்படையாக வைத்து யோசித்தால் 'அசல்' என்ற சொல்லுக்கு உறுதியான பொருள் உண்டு. ஐரோப்பியச் சிற்பி வேலை செய்யும் வழி வேறு. அவர் பிளாஸ்டர் மாதிரி செய்து பட்டறைக்கு அனுப்புவார். பட்டறை அதிலிருந்து அச்செடுத்து உள்ளே கூடாக, சில மில்லிமீட்டர் தடிமனில் வார்க்கும். மாதிரி பத்திரமாக இருக்கும், மறுபடி வார்க்கலாம். சிற்பியின் கை நேரடியாகப் பட்டது பிளாஸ்டரில்தான். வெண்கலம் எல்லாமே அதன் பிள்ளைகள். முதல் பிள்ளைக்கு மூத்தவன் என்ற மரியாதை உண்டு, அதற்காக இரண்டாம் பிள்ளையைப் போலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குஸ்ட்ரோவில் 1927-ல் தொங்கிய முதல் வார்ப்பு, போர்க் காலத்தில் உலோகத் தேவைக்கு உருகிப்போனது. உருகியது உறுதி, எந்த ஆண்டு என்பதில் நூலுக்கு நூல் வித்தியாசம் வருகிறது. பிளாஸ்டர் மாதிரி மட்டும் பெர்லினில் தப்பியிருந்தது. பார்லாக் இறந்த பிறகு, 1939-ல், நண்பர்கள் அதைக் கொண்டு ரகசியமாக இரண்டாவது வார்ப்பு எடுத்து, லூனபர்க் பக்கம் ஷ்னேகா என்ற கிராமத்தில் ஹூகோ கோர்ட்சிங்கர் என்ற கலைஞர் வீட்டில் மறைத்து வைத்தார்கள். இதில் பங்கு உள்ள பெர்ன்ஹார்ட் போமர் விசித்திரமான பாத்திரம். அரசு பறிமுதல் செய்த 'சீரழிந்த கலை'யை விற்க உரிமம் பெற்ற நான்கு வணிகர்களில் ஒருவர். அதே உரிமத்தை வைத்து மாக்டபர்க் மரச்சிற்பம் உட்படப் பலவற்றை அழியாமல் பார்த்துக்கொண்டவர். நல்லவரா கெட்டவரா என்று என்னிடம் கேட்காதீர்கள். பெர்லினில் இருந்த பிளாஸ்டர் பிறகு குண்டுவீச்சில் போய்விட்டது. போர் முடிந்து, மறைத்து வைத்த இரண்டாவது வார்ப்பு கொலோன் நகரத்தின் அந்தோணியார் தேவாலயத்துக்கு 1952-ல் போய்ச் சேர்ந்தது. அதன் மீது அச்செடுத்து வார்த்த மூன்றாவது, 1953-ல் கொலோன் கொடுத்த அன்பளிப்பாக எல்லை தாண்டி கிழக்கு ஜெர்மனியின் குஸ்ட்ரோவுக்கு வந்தது. நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

ஆகவே நீங்கள் படித்தது சரி. தொழில்முறையில் இரண்டு விளைவுகளைச் சொல்கிறேன். முதலாவது, அளவு. உருகிய வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவுக்குச் சுருங்கும். பிளாஸ்டரிலிருந்து எடுத்தது ஒரு சுருக்கம். வெண்கலத்திலிருந்து அச்செடுத்து வார்த்தால் இரண்டாவது சுருக்கம். ஈடு செய்யாமல் விட்டிருந்தால் குஸ்ட்ரோ சிலை கொலோன் சிலையை விடச் சுமார் மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். இது பட்டறைக் கணக்கு; நான் ஏணி போட்டு அளந்ததில்லை. இரண்டாவது, கூர்மை. ஒவ்வொரு தலைமுறை அச்சிலும் இமை ஓரம், உதட்டுக் கோடு போன்ற மெல்லிய விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும். வார்த்தபின் உளியும் அரமும் கொண்டு சீர்ப்படுத்துகிறவர் அதைத் தன் கையால் மீட்பார், அங்கே வேறொருவர் கை நுழைகிறது. பார்லாக் போன்றவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் அவர் வடிவம் பெரிய பரப்புகளில் நிற்கிறது. நகை நட்டு நிறைந்த ஒரு சிலையாக இருந்திருந்தால் மூன்றாவது வார்ப்பு பரிதாபமாக இருந்திருக்கும். முந்தைய தலைமுறைதான் வேண்டும் என்றால் கொலோனுக்குப் போங்கள். ஷில்டர்காஸே கடைத்தெருவின் நடுவிலேயே அந்தத் தேவாலயம் இருக்கிறது, பை தூக்கிக்கொண்டே உள்ளே நுழையலாம். ஆனால் அந்தக் கல், கம்பித் தடுப்பு, அந்த உயரம் எல்லாவற்றையும் பார்லாக் தேர்ந்தது குஸ்ட்ரோவுக்காக. உலோகம் மூத்தது கொலோனில், இடம் மூத்தது குஸ்ட்ரோவில். எனக்கு இடம்தான் முக்கியம். இடம் மாறினால் அது அழகான ஒரு வெண்கலம், அவ்வளவே.

கீல் நகரச் சிலை இதற்கு எதிர்க் கேஸ். அது அசலேதான், உருகவில்லை. 1937-ல் இறக்கித் துண்டுதுண்டாக அறுத்தார்கள், துண்டுகள் தப்பிப் பிழைத்தன, 1954-ல் ஒட்டவைத்துப் புனித நிக்கோலா தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். முன்பு நின்ற தேவாலயம் குண்டில் போய்விட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அறுத்த தடம் தெரியும். வெண்கலத்தில் பற்றவைத்த இடத்தைச் செதுக்கி, அமிலம் தடவி நிறம் பிடித்து மறைக்க எங்களுக்குத் தெரியும். முழுக்க மறைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

1945-க்குப் பிறகு எல்லாம் சுபம் என்றும் நினைக்க வேண்டாம். 1951 கடைசியில் கிழக்கு பெர்லினில் பார்லாக் கண்காட்சி வைத்தபோது, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகை அவரை நம்பிக்கையற்றவர், வடிவவாதி என்று விளாசியது. நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் எழுந்து வந்து ஆதரித்து எழுத வேண்டியிருந்தது. பார்லாக்கின் கடைசிக் காலத் துணைவி மார்கா போமர், குஸ்ட்ரோவில் புனித கெர்ட்ரூட் பெயரில் உள்ள பழைய சிற்றாலயத்தில் 1953-ல் அவர் சிற்பங்களை வைத்துக் காட்டத் தொடங்கி, அங்கேயே குடியிருந்து காவல் காத்தார். 1981 டிசம்பர் 13 அன்று மேற்கு ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டும் கிழக்கு ஜெர்மன் தலைவர் எரிக் ஹொனெக்கரும் இந்த ஊருக்கு வந்து தேவதூதரின் கீழே நின்றார்கள். அன்று விடியற்காலையில்தான் போலந்தில் ராணுவச் சட்டம் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களை வீட்டுக்குள் அடைத்து, தெரு முழுக்க ரகசியப் போலீசை நிரப்பித்தான் அந்த வருகை நடந்தது. எட்டு வருடம் கழித்து, 1989 இலையுதிர் காலத்தில், மாக்டபர்க்கில் ஆட்சியை எதிர்த்து ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கூடியது, அந்த ஆறு மர உருவங்களின் முன்னால்.

போவதாக முடிவு செய்தால்: பெர்லினிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உள்ளே நுழைந்ததும் நேராக முகத்துக்கு எதிரே போய் நிற்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் செல்பேசியைத் தூக்குகிறார்கள். முதலில் பக்கவாட்டில், பாதம் இருக்கும் பக்கம் நின்று பாருங்கள். அங்கியின் அடிக்கோடு ஒரே இழுப்பாகத் தோள் வரை போவதும், கழுத்தில் மட்டும் அது மேலே திரும்புவதும் அங்கிருந்துதான் தெரியும். தரைக் கல்லில் பிறகு சேர்த்த 1939–1945 என்ற எண்ணையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் கெர்ட்ரூட் சிற்றாலயம், நேரம் இருந்தால் ஏரிக்கரைப் பட்டறை. சனிக்கிழமைகளில் தேவாலயத்தில் திருமணம், கச்சேரி என்று ஏதாவது நடக்கும், முன்கூட்டியே நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.